வேன் கூரையில் இரண்டு பெனல்கள்

டீசல் கிடைக்காமல் போன அந்த வருடம் எங்கள் வேன் முற்றத்தில் அசையாமல் நின்றது. அதற்கு முன்பு என் கணவர் அந்த வேனில்தான் விமான நிலையத்திலிருந்து வெள்ளைக்காரர்களை ஆலங்குடாவுக்கு ஏற்றி வருவார். பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் சறுக்குகிறவர்கள். அவர்களுடைய நீளமான பைகளுக்கு இடம் வேண்டுமென்று பின் இருக்கைகளைக் கழற்றியிருந்தார். கொரோனாவோடு அவர்களுடைய வருகை நின்றது. அவர் சும்மா இருக்கவில்லை. வேனின் பின்பக்கத்தில் பலகையால் ஒரு கட்டில் அடித்தார். ஜன்னல்களுக்குத் திரை போட்டார். ஆட்கள் திரும்பி வரும்போது வேனிலேயே படுத்து எழும்பிக் கடற்கரை கடற்கரையாகப் போகலாம், அதற்கு நல்ல கிராக்கி இருக்கும் என்றார். கூரையில் போடுவதற்கு இரண்டு சோலார் பெனல்களும் ஒரு பெட்டரியும் இன்வேர்ட்டரும் வாங்கி அறைக்குள் அடுக்கினார். அட்டைப் பெட்டிகளைப் பிரிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

நுரையீரல் இறுகிக்கொண்டு போகிறது என்றார் டொக்டர். கொரோனாவின் மிச்சம் என்று ஒருவர் சொன்னார், சிகரெட் என்று இன்னொருவர் சொன்னார். காரணம் தெரிந்து எங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் அவருடைய உதடு நீலம் பாய்ந்தது. பள்ளிவாசலில் கொரோனா நேரம் வாங்கிய ஒட்சிசன் மெஷின்களில் ஒன்றை எங்களுக்குத் தந்தார்கள். சக்கரம் வைத்த ஒரு பெட்டி. அறைக் காற்றை இழுத்து, அதிலிருந்து ஒட்சிசனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும். கரண்ட் இருந்தால்.

அந்த வருடம் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம்தான் எங்கள் ஞாபகத்தில் நிற்கிறது. நுரைச்சோலையில் நிலக்கரியால் மின்சாரம் எடுக்கும் ஆலையின் புகைபோக்கி எங்கள் வளவிலிருந்தே தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே இருட்டில் இருந்தோம். கரண்ட் போனதும் மெஷின் நீளமாக ஒரு கத்துக் கத்தும். அந்தச் சத்தத்துக்கு நான் எங்கே நின்றாலும் ஓடிவருவேன். ஒரு சின்னச் சிலிண்டர் இருந்தது. அது தீர்ந்தால் நிரப்பிக்கொள்ளப் புத்தளத்துக்குப் போக வேண்டும். போவதற்கு வாகனமில்லை. ஆகவே சிலிண்டரை நான் கஞ்சத்தனமாகத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே மூச்சுக்குத் தவிப்பார். நான் சிலிண்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு நாள் சொன்னேன். "அந்தப் பெனல் ரெண்டையும் வேனுக்கு மேல போடுவம்."

"ஆரு போடுற?"

"நான்தான்."

அவர் சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது. "வீட்டுக் கூரையில போட ஏலாதா?"

"இந்த அஸ்பெஸ்டஸ் சீட்டுக்கு மேல பூனை நடந்தாலே வெடிக்கிது. அதோட முழுக்கத் தென்ன நிழல். வேனெண்டா வெயிலுக்குத் தள்ளலாம்."

"அது டூரிஸ்ட்டுக்கு எண்டு வாங்கின சாமான்."

"டூரிஸ்ட் வாறதுக்கு நீங்க இரிக்க வேணுமே."

வாய் தவறி வந்த சொல் இல்லை அது. பல நாள் உள்ளே கிடந்தது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அடுத்த நாள் விடிய நான் சுபஹு தொழுதுவிட்டு வந்தபோது, "கதிரைய வெளிய போடு. வெயில் ஏற முந்தித் தொடங்கு" என்றார்.

பக்கத்து வளவில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடும் அண்ணன் ஒருவர் இருந்தார். கத்தோலிக்கர். எங்களோடு நல்ல பழக்கம். எப்போது கரண்ட் போகும் என்று தெரியாததால், கையால் சுற்றித் துளைக்கும் ட்ரில் ஒன்றை அவரிடம் இரவல் வாங்கினேன். ஏணியைச் சாத்திக் கூரையில் ஏறி, சாக்கை விரித்து முழங்காலில் நின்றேன். கீழே நிழலில் அவர் கதிரையில் இருந்தார். வீட்டுக்குள்ளிருந்து குழாய் அவர் மூக்கு வரைக்கும் நீண்டு வந்தது.

"கூரைக்கு உள்ளால விலா எலும்பு மாதிரிக் கம்பி ஓடுது. தட்டிப் பாத்து அதுக்கு மேல போடு. வெறும் தகட்டில போட்டா காத்துக்குப் பிச்சுக்கொண்டு போகும்."

தட்டினேன். வெறுமையான சத்தம் வந்த இடத்தையும் கனமான சத்தம் வந்த இடத்தையும் அவர் கீழேயிருந்தே சொன்னார். அந்த வேனை அவர் என்னைவிட நன்றாக அறிந்தவர். ட்ரில்லின் முனை பெயின்டைச் சுரண்டிக்கொண்டு தகட்டில் இறங்கியதும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

"தண்ணி வரும்" என்றார். "பாரு, கட்டாயம் தண்ணி வரும்."

என் மச்சி, நாங்கள் இருவரும் 'தாத்தா' என்று கூப்பிடும் அவருடைய அக்கா, அந்த நேரம் பார்த்து வந்தார். வாசல் படலையடியிலேயே நின்றுவிட்டார். "என்ன புள்ள இது! ரோட்டால போற ஆம்புளையெல்லாம் அண்ணாந்து பாக்கிறானுவள். மேல ஏற வேற ஆள் இல்லையா?"

நான் கீழே பார்க்கவில்லை. அவர்தான் பதில் சொன்னார். "தாத்தா, ஏறத் தெரிஞ்சா நீங்க ஏறுங்க. இல்லாட்டிப் போய்த் தேத்தண்ணி ஊத்திக் கொண்டு வாங்க."

நோய் வந்த பிறகு அவர் எனக்காகக் கதைத்தது அதுதான் முதல் தடவை. மச்சி தேத்தண்ணி ஊற்றத்தான் போனார்.

துளைகளை அடைக்கும் பசை எந்தக் கடையிலும் இருக்கவில்லை. படகுக்காரர் தன்னுடைய ரெசினை ஒரு சிரட்டையில் கலக்கி ஏணியில் ஏறிக் கொடுத்தார். "கெதியாப் பூசுங்க தங்கச்சி, இறுகிரும்." அதன் நெடி என் கணவரைக் கொல்லாமல் கொன்றது. கதிரையைத் தூரத்துக்கு இழுத்தோம். குழாய் எட்டவில்லை. பூசி முடியும்வரை உள்ளே போய்க் கிடந்தார். சட்டங்களை இறுக்கி, பெனல்களைப் படகுக்காரரும் நானுமாகத் தூக்கி ஏற்றினோம். என் முழங்கை தகட்டில் பட்டுத் தோல் உரிந்தது. அது பிறகுதான் தெரிந்தது.

வயர் கொடுக்கும்போது பெனல்கள் வெயில் குடிக்காமலிருக்கப் படுக்கை விரிப்பால் மூடினேன். முதலில் பெட்டரியைக் கொடு, பிறகு பெனலைக் கொடு, மாற்றிக் கொடுத்தால் நடுவில் இருக்கிற சின்னப் பெட்டி எரிந்துவிடும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். சிவப்பு வயரைக் கடைசியாக முடுக்கினேன். விரிப்பை இழுத்தேன். சின்னப் பெட்டியில் பச்சை வெளிச்சம் விழுந்தது. மெஷினைக் கொண்டுவந்து செருகினோம். ஒரு தடவை கத்தியது. பிறகு வழக்கம்போல உறுமத் தொடங்கியது.

படகுக்காரர் கை தட்டினார். என் கணவர் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு, "அந்தக் கறுப்பு வயரை இன்னும் கொஞ்சம் இறுக்கு" என்றார். அவ்வளவுதான்.

அன்று வேனுக்குள் பலகைக் கட்டிலில் படுத்தார். ஆனால் பெனலுக்கு வெயில் வேண்டும், அவருக்கு நிழல் வேண்டும். இதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. மதிய லுஹருக்கு முன்பே வேன் அடுப்பு மாதிரி ஆகிவிட்டது. கதவுகளைத் திறந்துவிட்டும் அவருடைய சாரன் வியர்வையில் ஒட்டிக்கொண்டது. காற்று வருகிறது, மூச்சு விட முடியவில்லை என்றார். கடைசியில் நீள வயர் ஒன்றை இழுத்து, வேம்படியில் ஓலைப் பந்தல் போட்டு, பகலில் அவரை அங்கே கிடத்தினேன். வேன் வெயிலில் நின்று காய்ந்தது. அது காய்ந்தால் அவர் மூச்சு விட்டார். பொழுது பட்ட பிறகு பெட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதற்குப் பிறகு கரண்ட் வரவேண்டும் என்று துஆ கேட்போம். பந்தல் ஒழுகும் நாட்களில் மட்டும் வேனுக்குள் படுப்பார்.

கடல் காற்று உப்பைக் கொண்டுவந்து பெனலில் பூசும். காலையில் ஏறிக் கிணற்றுத் தண்ணீரால் கழுவுவேன். ரோட்டால் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு மழைக்கு அடுத்த நாள் கட்டிலின் விரிப்பை மாற்றப் போனேன். தலைமாட்டில் மெத்தை ஊறிக் கிடந்தது. மேலே பார்த்தேன். நான் போட்ட துளைகளில் ஒன்றில் சாரன் துணியைக் கிழித்துச் சுருட்டிச் செருகியிருந்தது. அதிலும் ஈரம். படுத்தபடியே கை நீட்டி அவர்தான் செருகியிருக்க வேண்டும்.

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"சொன்னா திரும்பவும் மேல ஏறுவாய்."

"ஏறத்தானே வேணும்."

"போதும்" என்றார். "ஏறினது போதும்."

அடுத்த வெயிலுக்கு ஏறி மீண்டும் ரெசின் பூசினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு பந்தலில் கிடந்தார்.

பிறகு மெஷினின் குமிழைக் கூட்டிக்கொண்டே போக வேண்டி வந்தது. ஒரு கட்டத்தில் அதற்கு மேல் கூட்ட இலக்கமில்லை. கதைப்பது குறைந்தது. சோறு இறங்கவில்லை. பாணைத் தேத்தண்ணியில் நனைத்துக் கொடுத்தால் ஒரு வாய். ஒரு காலையில் என்னை அடையாளம் தெரியாமல் உற்றுப் பார்த்தார். படகுக்காரரிடம் ஓடினேன். கடலுக்குப் போவதற்கென்று ஒளித்து வைத்திருந்த டீசலை அவர் ஒரு கேனில் கொண்டுவந்து வேனுக்குள் ஊற்றினார்.

கணவரின் தம்பி புத்தளம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். நான் பின்னால் கட்டிலோடு ஒட்டி இருந்தேன். மெஷினைக் கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டேன். வெயில் நன்றாக அடித்தது. பச்சை வெளிச்சம் ஒரு நிமிடம்கூட அணையவில்லை. நுரைச்சோலையைத் தாண்டினோம். டீசல் வரிசையில் லொறிகள் ரோட்டோரம் முழுக்க நின்றன, ஆட்கள் அவற்றின் நிழலில் படுத்திருந்தார்கள். மெஷின் உறுமிக்கொண்டே வந்தது. அதை மட்டுமே நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அது நிற்காதவரை பயமில்லை என்பதுதான் இத்தனை மாதமாக என் மனசுக்குப் பழக்கம்.

பாலாவிச் சந்தியில் வளைக்கும்போது அவருடைய கை கட்டிலிலிருந்து நழுவி என் மடியில் விழுந்தது. எடுத்து மேலே வைத்தேன். திரும்பவும் விழுந்தது. அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். குழாய் மூக்கில் இருந்தது. காற்று வந்துகொண்டிருந்தது. அவர் எப்போது போனார் என்று எனக்குத் தெரியாது.

"தம்பி, மெதுவாப் போங்க" என்றேன். "இனி அவசரமில்ல."

தம்பி ரோட்டோரம் நிறுத்தி, பின்னால் வந்து பார்த்து, இன்னாலில்லாஹி சொன்னார். மெஷின் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. நான் கை நீட்டினேன், ஆனால் அந்த ஸ்விட்சை அமத்த என்னால் முடியவில்லை. தம்பிதான் அமத்தினார்.

நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் நான் இத்தாவில் இருந்தபோது பள்ளிவாசல்காரர்கள் மெஷினை எடுக்க வந்தார்கள். நான் உள்ளே இருக்க, மச்சி கதவடியில் நின்று கதைத்தார். பிறகு திரை விலக்கி வந்தார்.

"பின் ஒழுங்கையில ஒரு வயசான உம்மாக்கு மெஷின் போகுதாம். அங்கயும் கரண்ட் இல்ல. வேனையும் கேக்கிறாங்க, கொஞ்ச நாளைக்கு. நான் ஏலாதெண்டு சொல்லவா? ஆள் மௌத்தான வாகனம்..."

"கொண்டு போகச் சொல்லுங்க."

"நல்லா யோசி புள்ள."

"யோசிக்க ஒண்டுமில்ல தாத்தா. வெயில்ல நிக்கிற சாமான்."

டீசல் இல்லை. தள்ளிக்கொண்டு போனார்கள். மணலில் சில்லு புதைய, "ஒண்டு, ரெண்டு, தள்ளு" என்று கத்துவது அறைக்குள் கேட்டது. நான் ஜன்னலுக்குப் போகவில்லை. சத்தம் ஒழுங்கைக்குள் போய்த் தேய்ந்த பிறகு மச்சி வேன் நின்ற இடத்தைக் கூட்டி, அங்கே கொடி கட்டித் துணி காயப் போட்டார்.

இத்தா முடிந்து வெளியே வந்தபோது கரண்ட் ஓரளவு ஒழுங்காகியிருந்தது. பின் ஒழுங்கையில் வேன் ஒரு வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது. அந்த உம்மா உயிரோடு இருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. யாரும் சொல்லவுமில்லை.