ஒதுக்கி வைத்த குச்சி

தியாகதுருகம் ராஜாங்கத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இருந்தாலும் எழுதாமல் விட மனம் வரவில்லை. டிராக்டரை வாடகைக்கு விடுபவர், கிணற்றடிக் கொல்லையில் குச்சிக்கிழங்கு என்ற மரவள்ளி வைப்பவர் என்று சொன்னால் பக்கத்துத் தெருவுக்கே தெரியாது. 'உழவர் அரங்கம்' ஃபேஸ்புக் குழுவின் அட்மின் என்றால் களமருதூர் வரை தெரியும். அந்தப் பெருமையில் கைபேசியைச் சட்டைப்பையில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நடப்பார்.

குழுவில் நல்ல பேச்சு நடக்காமலில்லை. ஒருவர் நெல்லுக்கு வந்த நோயைப் படம் எடுத்துப் போடுவார். மூங்கில்துறைப்பட்டுக் கரும்புக்காரர்கூட அதற்கு மெனக்கெட்டுப் பதில் எழுதுவார். மறுநாள் அதெல்லாம் ராஜாங்கத்தின் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்து போகும். குழுவின் உச்சியில் அவர் 'பின்' செய்து வைத்திருந்தது ஒன்றே ஒன்று: டிராக்டர்மேல் உட்கார்ந்து பல்லைக் காட்டும் அவருடைய பிறந்தநாள் படம்.

உள்ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த இரண்டாயிரத்து இருபது மார்கழியில் குழுவுக்குள்ளும் சண்டை மூண்டது. நியாயம் எந்தப் பக்கம் என்ற கவலை ராஜாங்கத்துக்கு இல்லை. இரண்டு பக்கத்தாரும் அவர் டிராக்டரைக் கூப்பிடுகிறவர்கள், கவலை அதுதான். தேடும் இடத்தில் 'ஒதுக்' என்று தட்டினார். வந்து விழுந்ததையெல்லாம் ஒரு வரிகூடப் படிக்காமல் மறைத்தார். பிறகு, "குழுவில் அமைதி நிலைநாட்டப்பட்டது" என்று பதிவு போட்டார். பெரிய தளபதி!

தை பிறந்தது. அவர் மனைவி அம்சவள்ளி, மகளின் போனில் குழுவை ஒழுங்காகப் படிக்கிறவர், அவரிடம் கேட்டார்.

"இன்னாங்க, மலைக்காரரு ஒருத்தரு கெழங்குல வெள்ளப்பூச்சி வுழுந்தத கேட்டிருந்தாரே, நெறைய பேரு பதில் போட்டாங்களே, அத எடுத்துக் குடுங்க. பூச்சி பட்ட போன வருசத்துக் குச்சிய நடலாமா வேணாமான்னு அதுல இருந்துச்சி."

"எனக்குத் தெரியாம குரூப்புல இன்னா இருக்கும்? அதெல்லாம் ஒண்ணும் இல்ல. பேசாம நடு."

நட்டார்கள். பங்குனிக்குள் கொழுந்தெல்லாம் சுருண்டு, மாவு கொட்டினாற்போல் வெளுத்துவிட்டது.

அம்சவள்ளி நேராக என்னிடம் வந்தார். ராஜாங்கம் ஊரில் இல்லாத நாளில் வணக்கப் படம் போடுவதற்காக என்னைத் துணை அட்மினாக வைத்திருந்தார். மறைத்த பதிவுகளைத் திறந்தோம். சாதி வசவுகளுக்கு நடுவில் கல்வராயன் மலை ஐயப்பன் கேட்ட கேள்வி கிடந்தது. கீழே ஊர் ஊராகப் பூச்சியால் அடிபட்டவர்கள் எழுதிய பதில்கள். அதில் ஒன்று: "பூச்சி வுழுந்த கொல்லைக் குச்சிய மறுபடி நடாதீங்க. தனியா ஒதுக்கி எரிச்சிடுங்க."

ஒதுக்கி! அந்த ஒரு சொல்லுக்காக மொத்தப் பேச்சையும் புதைத்திருக்கிறார் மகானுபாவர்.

"அந்தப் பல்லு போட்டோவ எறக்கிட்டு இத மேல வையிப்பா," என்றார் அம்சவள்ளி. வைத்தேன். ஆசையோடு வைத்தேன்.

ராஜாங்கம் சும்மா இருப்பாரா? "அட்மினின் நீண்ட தேடலில் கிடைத்த பொக்கிஷம்" என்று அன்றைக்கே எழுதினார். கைதட்டவும் ஆட்கள் இருந்தார்கள்.

கொல்லையைப் பிடுங்கி எரித்த பிறகு, பூச்சியில்லாத குச்சிக்காக மலைக்குப் போனோம்; கட்டுக் கட்ட நானும் கூடப் போனேன். அந்தப் பதில்கள் மறைவதற்கு முன்பே படித்து, அதன்படி செய்து தப்பித்தவர் ஐயப்பன். ராஜாங்கத்தைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"அட்மின் நீங்கதானுங்களே? எம் பதிவு ஏங்க திடீர்னு காணாம போச்சி?"

"மலையில டவர் கம்மி இல்லீங்களா, அதான்," என்றார் ராஜாங்கம், கூசாமல்.

அம்சவள்ளி புருஷன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"டவரு மேல இன்னாத்துக்குங்க பழி? இவருதான் ஒதுக்குனாரு. குச்சிய எங்கிட்ட குடுங்க. அவரு வண்டியாண்ட ஒதுங்கி நிக்கட்டும்."

கைபேசியைக் கையில் பிடித்தபடியே போய் நின்றார்.