விரலை வெட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள்

மடக்குக் கத்தி விற்கிற கடையில் கத்தியைவிட வேகமாகத் தீர்ந்துபோவது பிளாஸ்டர்தான். ஹட்டன் டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஆறு வருஷமாக நிற்கிறேன். கத்தி, பூட்டு, டோர்ச் லைட் இருக்கிற கவுண்டர் என்னுடையது. கத்தி கேட்டு வருகிற எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றையேதான் கேட்பார்கள்: சின்னதா இருக்கணும், பாரம் இருக்கக்கூடாது, ஆனா ஸ்ட்ரோங்கா இருக்கணும். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த எதையும் நான் கண்டதில்லை. என் புருஷனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் கால் வீங்க நின்றவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

கட்டைவிரல் டெஸ்ட்

நோர்வூட் பக்கத்து லொறி டிரைவர் ஒருவர் வந்தார். கத்தியை விரித்ததும் கூர் பார்க்கக் கட்டைவிரலைக் கொண்டுபோனார். "விரல்ல வேணாம்ணே, பேப்பர் தர்றேன்" என்றேன். நான் ஏதோ அவர் பரம்பரையையே கேவலப்படுத்திவிட்ட மாதிரி பார்த்தார். முதல் கத்தியில் கட்டைவிரல் போனது. இரண்டாவதில் ஆள்காட்டி விரல். மூன்றாவதுக்கு இடது கையை எடுத்துக்கொண்டார்.

என் பில் புத்தகத்தில் ரத்தம் சொட்டுச் சொட்டாக விழுந்தது. பிளாஸ்டர் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன். மூன்று விரலிலும் நிதானமாகச் சுற்றிக்கொண்டு, கத்திகளை என்னிடம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "கூர் காணாது தங்கச்சி."

உள்ளங்கைத் தராசு

மகேஸ்வரி அக்கா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். சாக்குக் கயிறு அறுக்க, மத்தியானம் மாங்காய் நறுக்க ஒரு கத்தி வேண்டும் என்றார். ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடி, மேலும் கீழும் ஆட்டி, "இத விட லேசா இல்லையா?" என்பார். பதினாலாவது கத்திக்கும் அதே கேள்விதான். பின்னால் பூட்டு வாங்க வந்தவர் பூட்டே வேண்டாம் என்று போய்விட்டார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அக்கா, நாள் முழுக்க இருபது கிலோ கொழுந்த முதுகுல சுமக்குறீங்க. இந்தத் துண்டுக் கத்தியா பாரம்?" என்று கேட்டே விட்டேன். கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார்: "கொழுந்த நிறுக்கிற மடுவத்துல எறக்கிருவேன் புள்ள. இது வீடு வரைக்கும்ல கூட வரும்."

பதினோரு வேலை

ஒரு தோட்டத்துக்கு உதவி மேனேஜராகப் புதிதாக வந்திருந்த சின்னத்துரை, போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வந்து, மரம் அறுக்கிற வாள், கத்தரிக்கோல், போத்தல் திறப்பான் எல்லாம் ஒன்றாக இருக்கிற கத்தி கேட்டார். கண்ணாடி அலுமாரியில் அப்படி ஒன்று நெடுநாளாகக் கிடந்தது. பதினோரு வேலை செய்யும் என்று அதன் பெட்டியில் போட்டிருந்தது. ஹட்டன் ஈரத்தில் இறுகிப்போய், திறக்கிற வேலையை மட்டும் செய்ய மறுத்தது. நகத்தால் இழுத்தார், நகம் உடைந்தது. பல்லால் முயன்றார், பிறகு அங்கே இங்கே பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அதுவரை பின்னால் சும்மா நின்ற அவருடைய டிரைவர், கால்சட்டைப் பையிலிருந்து தன் ஒற்றை அலகுக் கத்தியை எடுத்தார். அதன் நுனியால் நெம்பி, உள்ளே இருந்த அலகை வெளியே எடுத்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "சேர், ரெண்டையும் சேர்த்தே பொக்கட்ல வச்சிக்கிறீங்களா?"

புது ரெக்சின்

கடை விட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கொட்டுகிற மழை. ஒரு வளைவில் எங்களுக்கு முன்னால் போன ஆட்டோ சறுக்கி, ரோட்டோர வடிகால் கானுக்குள் பக்கவாட்டில் விழுந்தது. எல்லாரும் இறங்கி ஓடினோம். டிரைவர் முன்பக்கமாக எப்படியோ வெளியே வந்து, தலையில் கை வைத்து நின்றார். பின்னால், கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஒரு தாயும் கைக்குழந்தையும். மேலே தெரிந்த பக்கத்தை மழைக்கான ரெக்சின் திரை மூடியிருந்தது. அதைக் கட்டிய நைலோன் கயிறு நனைந்து இறுகிவிட்டது. கான் தண்ணீர் உள்ளே ஏறுகிறது. "புள்ளைய எடுங்க, புள்ளைய எடுங்க" என்று அந்தத் தாய் கத்துவது கேட்டது. அதுவரை வீரிட்டுக்கொண்டிருந்த குழந்தையின் சத்தம் திடீரென்று நின்றது.

"கத்தி இருக்கா, கத்தி?" என்று ஆளாளுக்குச் சட்டைப் பையைத் தடவினார்கள். "யாராச்சும் ஒரு கத்தி குடுங்களேன்!" என்று நானும் கத்தினேன். ஆறு வருஷமாகக் கத்தி விற்கிறவள்! வெளிச்சத்துக்குப் போனை எடுக்கலாம் என்று கடைக் கோட்டுப் பைக்குள் கையை விட்டால், சாம்பிள் கத்தி ஒன்று தட்டுப்பட்டது. கடைசியாக வந்த ஒருவருக்குக் காட்டிவிட்டு, மறந்துபோய்ப் பையில் போட்டிருக்கிறேன். பாரமே இல்லாததால் தெரியவில்லை. விளையாட்டுச் சாமான் என்று நானே சிரித்த, இரண்டு அங்குலக் கத்தி. திரையில் குத்தி, மேலிருந்து கீழாக இழுத்தேன். அலகு வளையவில்லை, மடங்கவில்லை.

பஸ் கண்டக்டர் உள்ளே குனிந்து குழந்தையைத் தூக்கினார். அது ஒரு கணம் சும்மா கிடந்தது. பிறகு தும்மியது. பிறகு ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதது. நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே வந்த அந்தத் தாய் என் கையை இறுக்கிப் பிடித்தாள், வாயில் வார்த்தை வரவில்லை. ஆட்டோக்காரருக்கு வந்தது. கிழிந்த திரையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போன வாரம்தாங்க போட்டேன். தையல் ஓரமா அறுத்திருக்கலாமே."

பாவித்த சாமான்

மறுநாள் காலை முதலாளி நானாவிடம் விஷயத்தைச் சொல்லி, கத்தியைக் கவுண்டரில் வைத்தேன். மூட்டுக்குள் சேறு காய்ந்திருந்தது. அவர் விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார். ஏச்சு விழப்போகிறது என்று காத்திருந்தேன். "புள்ளைக்கு ஒன்டுமில்லையே?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். விலைச் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, கத்தியை என் பக்கம் தள்ளினார்: "பாவிச்ச சாமான விக்க ஏலா மகள். நீங்களே வெச்சிக்கோங்க."

எது நல்ல மடக்குக் கத்தி என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் யார் கேட்டாலும் முன்னைவிட அதிகாரமாகச் சொல்கிறேன்.