கந்தப்பன் அடிக்காமல் விட்ட அடி

எட்டாவது மெட்டில் ஏதோ இரைச்சல் கேட்கிறது, பாட்டுக் கெசட் பழுது என்று சொல்லிக்கொண்டு என் கடைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கெசட்டில் ஒரு பழுதும் இல்லை. அது கூடைகளின் சத்தம். ஏறக்குறைய நூறு கூடைகள். உட்கார்ந்து கேட்டால் சொல்கிறேன். அவசரம் என்றால் வேறு கெசட் வாங்கிக்கொண்டு போங்கள், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நான் இத்ரூஸ். பண்டாரவளையில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருக்கிறேன். சுமாராகக் கித்தார் வாசிப்பேன். கிளாரினெட் வாசிப்பவர் சிவஞானம், யாழ்ப்பாணத்துக்காரர், தெமோதரை ஸ்டேசனில் கிளார்க். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நிற்கிறவர்கள்தான். அந்தக் கெசட்டில் உள்ள எட்டு ஜாஸ் மெட்டுகளும் கந்தப்பனுடையவை. ட்ரம் அடிப்பதும் அவர்தான்.

கந்தப்பன் பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரட்டுத் தப்பு அடிப்பவர். விடிவதற்கு முன்பே லயம் என்கிற வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்களை எழுப்பி வேலைக்குக் கூட்டுகிற தப்பு அது. மற்ற தோட்டங்களுக்குச் சங்கு வந்துவிட்டது. நான் சொல்கிற 1979இல் கூட அங்கே கந்தப்பன்தான் சங்கு. இருபது வருஷமாக அடித்துக்கொண்டிருந்தார். தூக்கத்தைக் கெடுக்கிறவனை யார் வாழ்த்துவார்கள்? முதல் அடி விழுந்ததும் காம்பரா என்கிற ஒவ்வொரு அறையிலிருந்தும் ஒரு வசவு கிளம்பும். "கட்டையில போறவன் ஆரம்பிச்சுட்டான்" என்பதுதான் அதில் மரியாதையான வசவு. அவர் மனைவி ஜெயலெட்சுமியே தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு திட்டுவாராம்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஜாஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். வெள்ளைக்காரத் துரைமார் இருந்த காலத்தில் அவர்களுடைய கிளப்பில் சனிக்கிழமை நடனம் நடக்கும். குளிருக்கு அடுப்பு மூட்டப் போவார் கந்தப்பன். கொழும்பிலிருந்து வந்த பேண்டில் ஒரு ட்ரம்காரர் இருந்தார். "அவரு அடிச்சத விட, அடிக்காம விட்டதுதாங்க நானா நல்லா இருந்துச்சு. அந்த எடத்துல நம்ம காலு தானா போய் விழும்" என்பார் கந்தப்பன். என்னை அவர் அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார். துரைமார் போய்க் கிளப்பை மூடியபோது தோல் கிழிந்த ட்ரம் ஒன்றும் வெடித்த தாளத்தட்டு ஒன்றும் குப்பைக்கு வந்தன. ட்ரம்முக்கு ஆட்டுத்தோல் போட்டார். தாளத்தை அப்படியே வைத்துக்கொண்டார். கெசட்டில் ஓட்டைச் சட்டி மாதிரி கேட்பது அந்தத் தாளம்தான். அதுவும் பழுதில்லை.

என் கடைக்கு ரேடியோ திருத்த வந்தவர், ஆங்கில நிகழ்ச்சி ஒன்று போக, மேசையில் விரலால் தட்டத் தொடங்கினார். நான் கையில் இருந்த திருகாணியைத் தொலைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிவஞானத்தையும் கூப்பிட்டேன். அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் கடையின் பின்னறையில் கூடினோம். கந்தப்பன் வாயால் மெட்டைப் பாடுவார். சிவஞானம் பழைய ரயில்வே படிவங்களின் பின்பக்கம் ஸ்வரம் எழுதுவார்.

"உது என்ன ராகம் காணும்?" என்று சிவஞானம் எரிந்து விழுவார்.

"ராகமெல்லாம் தெரியாதுங்க ஐயா. இது கொழுந்து நிறுக்கிற நேரம்ங்க."

நிறுக்கிற நேரம், தகரத்து மழை, தெமோதரையில் ரயில் வளைகிற வளைவு என்று இரண்டு வருஷத்தில் ஏழு மெட்டுகள். ஒரு கெசட் போடலாம் என்றேன். ஆனால் இரண்டாம் பக்கத்தில் ஐந்தாறு நிமிஷம் காலியாக நின்றது.

"பெரட்டு அடியை வச்சு ஒண்டு செய்யுங்களேன்" என்று ஒரு நாள் வாயைக் கொடுத்துவிட்டேன்.

கந்தப்பனின் முகம் சுருங்கிப்போனது. "அது மட்டும் வேணாங்க நானா. விடிஞ்சா சனம் சபிக்கிற சத்தம்ங்க அது. மெட்டு ஒண்ணு மனசுல கெடக்குது, இல்லன்னு சொல்லல. ஆனா அந்த அடியக் கேட்டு ஒரே ஒரு நாளாச்சும் எங்க ஆளுங்க சந்தோசப்பட்டாத்தான் அது பாட்டு. இல்லன்னா வசவுதான்."

பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒலிப்பதிவுக்கு அந்தத் தோட்டத்து ஃபேக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியைக் கேட்டோம். நீளமான மர மாடி, ஞாயிறு பின்னேரம் கொழுந்து இருக்காது, மெசின்களும் ஓடாது. ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் வீரசிங்கம் ஐயா ஒரே ஒரு ஞாயிறு தந்தார். சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போக வேண்டுமாம். வாத்தியக்காரர்களிடம் இப்படியும் ஒருவர் சொல்வார்!

ஒலிப்பதிவு செய்கிற என் ஸ்பூல் மெசினை மாடியில் ஏற்றினோம். நான்கு மணிக்குள் ஏழு மெட்டும் முடிந்தன. நாடாவில் ஆறு நிமிஷம் மிச்சம். பழைய மெட்டு ஒன்றையே திரும்ப வாசிப்போம் என்றார் சிவஞானம். கந்தப்பன் கீழே இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது கையில் பெரட்டுத் தப்பு. டிரையர் அடுப்பில் மிச்சமிருந்த சூட்டில் காய்ச்சிக்கொண்டு வந்திருந்தார்.

"நேத்துலேர்ந்து இது என்னய விட மாட்டேங்குதுங்க" என்றார். "அடிச்சுப் பாத்துருவோம்."

மாடியில் புழுக்கம் என்று சன்னல்களைத் திறந்து வைத்தது நான். அதை ஒப்புக்கொள்கிறேன்.

விடிகாலை அடிக்கிற அதே அடியைத்தான் முதலில் அடித்தார். இரண்டு மூன்று நிமிஷம் இருக்கும், வெளியே பேச்சுக் குரல்கள். எட்டிப் பார்த்தேன். லயத்திலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்! இடுப்பில் சாக்குப் படங்கு, தலையில் கூடை. ஞாயிற்றுக்கிழமைகளில் சில நேரம் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கக் கூப்பிடுவார்கள். அதுதான் என்று நினைத்துவிட்டார்கள். "ஞாயித்துக்கெழம பின்னேரமும் பெரட்டா? வெளங்குமா இந்தத் தோட்டம்?" என்று ஒரு பெண் கத்தினாள். கங்காணி ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணவே தொடங்கிவிட்டார்.

கந்தப்பனும் பார்த்தார். நிறுத்தினால் மறுபடி தொடங்க நாடா இல்லை. அடித்தால், கீழே நிற்கிற அத்தனை பேரின் வசவும் வீட்டுக்கே வரும். அவர் என்ன செய்தார் தெரியுமா? கண்ணை மூடிக்கொண்டு, அதே அடியை இன்னொரு தரம் அடித்து, கடைசி அடியை மட்டும் அடிக்காமல் விட்டார்.

கீழே பேச்சு நின்றது. மறுபடியும் அடித்தார், மறுபடியும் கடைசி அடி இல்லை. மூன்றாம் தரம் அந்த வெற்றிடத்தில் கீழேயிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். ஜெயலெட்சுமி! கூடையைக் கவிழ்த்துப் பிடித்து அதன் அடியில் ஒரு தட்டு. அந்த இடத்தைச் சும்மா விட அவருக்குப் பொறுக்கவில்லை போலும். அடுத்த தரம் பத்துக் கூடை. அதற்கடுத்து அத்தனை கூடையும். "விடாதையும் காணும்!" என்று சிவஞானம் கத்திவிட்டுக் கிளாரினெட்டை எடுத்தார். அந்தக் கத்தலும் கெசட்டில் இருக்கிறது. கீழே ஒரே சிரிப்பு. கங்காணி கூடக் கைத்தடியால் தரையில் தட்டினார், ஆனால் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு. நாடா முடிந்து மெசின் படபடவென்று சுற்றியதை ஒருவரும் கவனிக்கவில்லை.

வீரசிங்கம் ஐயா மூச்சிரைக்க ஓடி வந்தார். "இனி இந்தப் பக்கம் தலைவச்சும் படுக்காதேங்கோ!" என்றார். இருபது நாள் கழித்து என் கடைக்கு வந்து இரண்டு கெசட் கேட்டவரும் அவர்தான்.

கந்தப்பன் பயந்து பயந்து கீழே இறங்கினார்.

"ஏங்க, ஞாயித்துக்கெழமயாச்சும் மனுசர நிம்மதியா விட மாட்டீங்களா?" என்றார் ஜெயலெட்சுமி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அந்தக் கடைசி அடிய எங்க முழுங்கினீங்க?"

"நீ போடுவேன்னுதான்."

கூட்டம் முழுக்கச் சிரித்தது. எனக்கு வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமான பின்னேரம் அதிகம் வாய்த்ததில்லை.

கடைசி பஸ் போய்விட்டதால் அன்று அவர் காம்பராவிலேயே தங்கினேன். சாப்பிடும்போது கந்தப்பன் சொன்னார்: "வேடிக்கைக்குச் சிரிச்சாங்க நானா. விடியட்டும், பாருங்க. பழைய வசவுதான்." அவர் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது.

விடிவதற்கு முன் தப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கம்பளியைச் சுற்றிக்கொண்டு நானும் போனேன். நல்ல பனி. முதல் தரம் அடித்தார். மேல் லயத்திலிருந்து வழக்கமான வசவு வந்தது. இரண்டாம் தரம், அதற்கும் ஒன்று. மூன்றாம் தரம் அடித்து, கடைசி அடியில் குச்சியை ஓங்கியவர் ஓங்கியபடியே நின்றுவிட்டார். வேண்டுமென்றுதான் நின்றாரா, கை வரவில்லையா, இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

எங்களுக்குப் பின்னால் கதவில் 'டப்' என்று ஒரு தட்டு. ஜெயலெட்சுமி. அடுத்த காம்பராவில் யாரோ தகரத்தில் தட்டினார்கள். பிறகு மேல் லயத்திலிருந்து, வசவு வந்த அதே காம்பராவிலிருந்து, கைதட்டல்.

கந்தப்பன் அழுதார். நானும் அழுதேன், அதை மறைக்கவில்லை.

"போட்டுட்டாங்க நானா" என்றார். "நான் விட்டத அவங்களே போட்டுட்டாங்க."