நன்றிக்கு நான் சொல்லிக்கொடுத்த சொல்

கடுகெண்ணெய் காயும் வாடை எங்கிருந்தாவது மூக்கில் ஏறினால் இன்றும் எனக்குத் தலை தானாகக் குனிந்துகொள்ளும். ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் அடுத்த வீட்டு சுனிதா ஆண்ட்டியின் சமையல் வாடை அது. அவர் கணவருக்கும் என் அப்பாவுக்கும் ஒரே தொழிற்சாலையில் வேலை; அப்போது அவர்கள் வடக்கிலிருந்து வந்து ஒரு மாதம், நாங்கள் திருநெல்வேலியிலிருந்து வந்து மூன்று மாதம்.

ஆண்ட்டிக்குத் தமிழ் கற்றுக்கொள்ள அப்படி ஓர் ஆசை. சாயங்காலமானால் பழைய நோட்டு ஒன்றோடு, ஐந்தாம் வகுப்புப் படித்த என்னிடம் வந்து ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக் காட்டுவார். உப்பு, கதவு, கொசு என்று நான் சொல்லச் சொல்ல இந்தி எழுத்தில் எழுதிக்கொண்டு, மறுநாள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த மதிலருகே நின்று அம்மாவிடம் அதைச் சொல்லிப் பார்ப்பார். அப்படிச் சொல்லிப் பார்த்த எதையும் அவர் மறந்ததில்லை.

ஒருநாள் "தேங்க் யூ"வுக்குத் தமிழ் கேட்டார். அன்று காலைதான் பள்ளி வேனில் என் "ஏட்டி, வாட்டி" பேச்சைக் கேலி செய்த பிள்ளைகள் என்னைக் "கஸ்மாலம்" என்று கூப்பிட்டுச் சிரித்திருந்தார்கள். அழுக்குப் பிடித்த ஜென்மம் என்று ஒருத்தி மூக்கைப் பொத்திப் பொருளும் சொன்னாள். அந்த எரிச்சலை யாரிடம் காட்டுவது? என்னைவிடத் தமிழ் தெரியாத ஒருவர் அகப்பட்டார். "கஸ்மாலம்" என்றேன். மூன்று முறை சொல்லிப் பார்த்து எழுதிக்கொண்டார்.

மறுநாள் அம்மா நீட்டிய இட்லிப் பாத்திரத்தை வாங்கி வைத்துவிட்டு, கை கூப்பி, வாய் நிறையச் சிரித்து, "கஸ்மாலம், அக்கா" என்றார். அம்மாவுக்கும் மெட்ராஸ் பேச்சு புதிது. "என்னட்டி சொல்லுதா?" என்று என்னைக் கேட்டாள். பயத்தில், "இந்தியில தேங்க்ஸும்மா" என்றேன். பாவி, அங்கேயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்! பாத்திரம் லட்டோடு திரும்பி வந்தபோது அம்மாவும் மரியாதையாகக் "கஸ்மாலம்" என்றாள். ஒவ்வொருத்தியும் மற்றவள் மொழியில் நன்றி சொல்வதாக நினைத்துக்கொண்டு, ஒரு மாதம்போல மதில்மேல் இட்லியும் லட்டும் அந்தச் சொல்லும் போய் வந்தன. முதலில் புத்தகத்துக்குள் முகத்தை மறைத்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் ஒருநாள் அதைக் கேட்டு நின்ற கீரைக்காரம்மாதான் போட்டு உடைத்தாள். "இன்னாம்மா இது! அது உன்ன கஸ்மாலம்னு சொல்லிகினு கீது, நீயும் சிரிச்சிகினு கீற?" என்று அம்மாவிடம் கேட்டு, ஆண்ட்டிக்கும் புரியட்டும் என்று சாக்கடையைக் காட்டி மூக்கைப் பொத்தினாள். ஆண்ட்டி சாக்கடையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்மா முதுகில் வைத்த அடி வலிக்கவில்லை. "மன்னிச்சிக்கோன்னு சொல்லக்கூட அவ பாஷை எனக்குத் தெரியலயேட்டி. இனிமே அவ யாரை நம்பி வாயத் தொறப்பா?" என்று அழுதாளே, அதுதான் வலித்தது.

அதன்பின் இரண்டு வருஷம் ஆண்ட்டி பக்கத்து வீட்டில்தான் இருந்தார். அவர் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் வரவில்லை. கடையில் விரலால் காட்டியே வாங்கினார். மாற்றலாகிப் போன அன்றும் அம்மாவைப் பார்த்துக் கையை மட்டும் கூப்பினார். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். வெளியே வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க எனக்கு என்ன கேடு?

போன மாதம் பட்டாபிராம் போகிற வழியில் ஆவடியில் இறங்கிப் பார்த்தேன். அந்த வரிசை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, மதில் இல்லை. "கஸ்மாலம்" என்று திட்டுகிறவர்களும் இப்போது குறைந்துவிட்டார்கள். மறுநாள் அலுவலகத்தில் வெளி மாநிலத்துப் பெண் ஒருத்தி நன்றிக்குத் தமிழில் என்ன என்று கேட்டாள். "நன்றி" என்று தாளில் எழுதியே கொடுத்தேன். ஆனால் என் நாக்கில் முதலில் வந்து நின்றது அந்தப் பழைய சொல்தான். கை கூப்பி, வாய் நிறையச் சிரிக்கிற ஒரு முகத்தோடு.