அக்காவின் எண்ணெய்ப் பதிவேடும் என் ஒற்றைக் கோடும்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அழகாக எழுதத் தெரிந்தவர்கள் குடும்பத்தில் பலர் இருக்க, அக்கா என்னைத்தான் எழுதச் சொல்லிவிட்டுப் போனார். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அக்கா பிறந்தது சிங்கப்பூரின் புக்கிட் மேராவில், மூவறை வீட்டில். அப்பா லாரி ஓட்டினார். அம்மா இடியாப்பம் அவித்துக் கொடுத்தார். மூன்று வருடம் கழித்து நான் பிறந்தேன். எனக்கு வந்ததெல்லாம் அக்கா போட்டுக் கழித்ததுதான்: சீருடை, காலணி, கூடவே "அக்கா மாதிரி படிக்கக் கூடாதா?" என்ற ஆசிரியர்களின் கேள்வி. பொறாமை என்ற சொல்லை எழுதப் பழகும் முன்பே எனக்கு அதன் பொருள் தெரியும்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் அக்கா கப்பல் பொறியியல் படித்தார். வகுப்பில் இரண்டே பெண்கள். கறை படிந்த நீல உடையோடு அவர் மின்தூக்கியை விட்டு இறங்கினால், அப்பா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் காட்டாத குறைதான். தேக்காவில் புடவைக் கடை வேலைக்குச் சேர்ந்த நானும் அதே மின்தூக்கியில்தான் வந்தேன், பட்டுப் புடவை கட்டிக்கொண்டு. யார் திரும்பிப் பார்த்தார்கள்?

சில வருடம் கப்பலில் போய்வந்த பிறகு, ஒரு கப்பல் நிர்வாக நிறுவனத்தில் அக்கா மேற்பார்வையாளரானார். அந்த வேலை என்னவென்று உங்களில் பலருக்குத் தெரியாது. கப்பல்கள் விதிப்படி ஓடுகின்றனவா என்று ஏறிப் பார்த்துச் சோதிப்பது. கப்பலின் இயந்திர அறைக்கு அடியில் எண்ணெய் கலந்த கழிவுநீர் தேங்கும். அதை அப்படியே கடலில் விடக் கூடாது என்பது உலக நாடுகள் சேர்ந்து போட்ட விதி. ஒரு மில்லியன் பங்கு நீரில் எண்ணெய் பதினைந்து பங்கைத் தாண்டாதபடி சுத்தம் செய்த பிறகே விடலாம். மிச்ச எண்ணெயைக் கரையில் ஒப்படைக்க வேண்டும். எல்லாவற்றையும் எண்ணெய்ப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அக்காவுக்கு அந்தப் பதிவேடுதான் தேவாரம்.

வீட்டிலும் அதே சட்டம்தான். தீபாவளிக்கு இரண்டு நாள் கால் கடுக்க நின்று முறுக்குச் சுட்டது நான். மிஞ்சிய எண்ணெயைத் தொட்டியில் ஊற்றப் போனால், "ஏய், நில்லு லா! அது எங்க போய்ச் சேரும்னு நினைக்கிற?" என்று புனலும் போத்தலுமாக அக்கா வந்து நிற்பார். வந்த விருந்தாளிகள் என் முறுக்கைத் தின்றுவிட்டு அக்காவின் போத்தலைப் பாராட்டினார்கள். வயிறு எரியாதா?

இனி வருவது, எழுதக் கை வராத பகுதி. ஒரு கப்பலில், சுத்திகரிப்புக் கருவிக்குள் போகாமல் கழிவை நேரே கடலுக்கு அனுப்பும் கள்ளக் குழாய் ஒன்றை அக்கா கண்டுபிடித்தார். பதிவேட்டிலோ எல்லாம் ஒழுங்காகச் சுத்தம் செய்ததாக எழுதியிருந்தது. கண்டும் காணாததுபோல் கையெழுத்திடச் சொன்னார்கள் நிறுவனத்தார். அக்கா மறுத்தார், அதிகாரிகளிடமும் தெரிவித்தார். வேலை போயிற்று. எட்டு மாதம் வீட்டில் இருந்தார்.

அந்த எட்டு மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன். மறைக்க என்ன இருக்கிறது?

அப்போதுதான் புக்கிட் பாத்தோக்கில் சித்தியின் புதுமனை புகுவிழா வந்தது. சித்தி என்னைத் தனியே அழைத்து, "என்னடி, உங்கக்கா வேலைய விட்டுட்டாளாமே, ஏன்?" என்று கேட்டார். எனக்கு உண்மை தெரியும். முந்தின வாரம்தான் அக்கா என் எதிரே உட்கார்ந்து அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். நான் கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "பதிவேட்டுல பொய்யா எழுதிட்டாங்க சித்தி, மாட்டிக்கிட்டாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றேன்.

அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். உங்களில் பாதிப் பேருக்காவது அந்தக் கதை வந்து சேர்ந்திருக்கும். அக்காவுக்குப் பிறகு வேறு நல்ல வேலை கிடைத்தது. ஆனாலும் விசேஷங்களில் யாராவது, "பார்த்து எழுதும்மா, மறுபடி மாட்டிக்காத" என்று கிண்டலடிப்பார்கள். அக்கா சிரித்துவிட்டுத் தட்டுக் கழுவப் போய்விடுவார். போகப்போக விசேஷங்களுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். யார் கிளப்பிய கதை என்று என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

கடைசி வாரம், மருத்துவமனையில் அக்காவின் மருந்து நேரங்களை ஒரு நோட்டில் குறித்துவந்தேன். ஒரு நாள் தப்பாக எழுதிவிட்டு வெள்ளை மை பூசிக்கொண்டிருந்தபோது அக்கா பார்த்துவிட்டார்.

"வெள்ளை பூசாதடி. எங்க பதிவேட்டுல அது கூடவே கூடாது. தப்பு மேல ஒரே ஒரு கோடு போடு. கீழ என்ன இருந்துச்சுன்னு படிக்கத் தெரியணும். சரியானத எழுதி, கையெழுத்துப் போடு."

"இந்த நிலைமையிலயும் சட்டமாக்கா?" என்று எரிந்து விழுந்தேன்.

அக்கா சிரித்தார். "எனக்கு நினைவு மலர் போடுவீங்கல்ல, அதுல நீதான் எழுதணும்."

"ஏன், அத்தான் எழுத மாட்டாரா?"

"அவரு அழகா எழுதுவாரு. உனக்குத்தான் திருத்த வேண்டியது இருக்கு."

இத்தனை வருடமும் அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் என் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கெல்லாம் கேக் வாங்கி வந்திருக்கிறார்.

இறுதிச் சடங்கன்று எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலி போதவில்லை. எந்தெந்த நாட்டு மாலுமிகளோ வந்து தலை குனிந்து நின்றார்கள். அழுதுகொண்டே, எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று எண்ணிப் பார்த்தேன். பாவி, அன்றும் எனக்குப் பொறாமைதான்.

அக்காவைக் கண்ணாகக் காத்த அத்தானுக்கும், முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த தாதியருக்கும், துக்கத்தின் மூன்று நாளும் எங்களுக்குச் சமைத்துப் போட்ட ஒன்பதாம் மாடி அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி. சித்திக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். அன்று யாரிடமும் சொல்லாதீர்கள் என்றேன். இதை எல்லாரிடமும் சொல்லுங்கள்.

கீழே உள்ள முதல் வரியின் மேல், இந்த மலரின் ஒவ்வொரு பிரதியிலும் நானே பேனாவால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். படிக்கத் தெரியும்.

அக்கா பதிவேட்டில் பொய் எழுதினார்.

அக்கா பொய் எழுத மறுத்தார். பொய் சொன்னது நான்.

கையெழுத்து,
தங்கை