கோலியனூரில் ஒரு குடம் தண்ணீர்

இரண்டு வருடங்களாக என் வேன்தான் எனக்கு வீடு. வண்டி எங்கே நின்றாலும் யாராவது உதவுவார்கள் என்ற தைரியத்தில்தான் ஊர் ஊராகச் சுற்றுகிறேன். அப்படி உதவிய ஒருவரை நினைத்தால் மட்டும் இன்றும் கூசுகிறது.

கோலியனூர் தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிட்டது. உச்சி வெயில். பக்கத்து மல்லாட்டைக் கொல்லையில், அதாவது நிலக்கடலை வயலில், நான்கு பெண்கள் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கேட்டேன். மூத்தவர் ஒரு குடத்தைத் தூக்கி வந்தார்.

“நாங்க குடிக்க வச்சிருந்ததுதான் தம்பி. பரவால்ல, ஊத்திக்குங்க.”

இன்ஜின் ஆறியதும் முழுவதையும் ஊற்றினேன். கால் நனைந்தபோதுதான் குனிந்து பார்த்தேன். ஹோஸ் கிழிந்து, ஊற்றியதெல்லாம் தரையில் ஓடியிருந்தது.

அவர் கோபப்படவில்லை. வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

“அந்தக் கேன்ல கீறது நல்ல தண்ணிங்களா? ஆளுக்கு ஒரு வாய் குடுத்தா போதும்.”

காலையில்தான் விழுப்புரத்தில் நிரப்பிய கேன் அது. நல்ல தண்ணீரை ரேடியேட்டரில் வீணாக்க மனமில்லாமல்தான் அவர்களிடம் கேட்டிருந்தேன். அது தெரிந்துவிடுமே என்ற பதற்றத்தில், “இல்லக்கா, அது பாத்திரம் கழுவுற தண்ணி” என்றேன்.

“செரி தம்பி, நீங்க வண்டியப் பாருங்க” என்று காலிக் குடத்துடன் கொல்லைக்குத் திரும்பினார்.

மெக்கானிக் வர ஒன்றரை மணி நேரமானது. அதுவரை அவர்கள் வெயிலில் குனிந்து வெட்டிக்கொண்டே இருந்தார்கள். கேனைத் தூக்கிக்கொண்டு போக இரண்டு முறை எழுந்தேன். போனால் பொய் தெரிந்துவிடும் என்று இரண்டு முறையும் உட்கார்ந்துவிட்டேன். நான்கு பேரின் தாகத்தைவிட என் மானம் எனக்குப் பெரிதாகப் பட்டிருக்கிறது. இதற்கு எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒரு சமாதானமும் இன்றுவரை கிடைக்கவில்லை.