எட்டுச் செலவுக்கு லெஃப்சே

என் தம்பி பிரசாந்தின் மனைவி நிரூபா நோர்வேயின் வடக்கே ஒரு மீன்பிடி ஊரில் வளர்ந்தவள். அவளுடைய தாய் தெய்வநாயகி அக்கா அங்கே மீன் தொழிற்சாலையில் வேலைக்கு நின்று, புருஷன் துணையில்லாமல் ஒற்றைப் பிள்ளையை ஆளாக்கியவர். நிரூபா கலியாணம் கட்டி ரொறன்ரோவுக்கு வந்தாள். டோர்செட் பார்க்கில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசை வேலை கிடைத்தது. பிறகு தாயையும் மல்வேர்ன் வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டாள்.

அந்த வீட்டுச் சமையல் எனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை. சனிக்கிழமை மற்ற வீடுகளில் ஆட்டிறைச்சி மணக்கும். அங்கே போனால் மீன் தசையைச் சுரண்டி, பாலும் சாதிக்காயும் சேர்த்து அரைத்து, தட்டையாகத் தட்டி வெண்ணெயில் பொரித்துக்கொண்டிருப்பார்கள். மிளகாய்த்தூளுக்கு அந்த அடுப்படியில் வேலையே இல்லை. பாண் துண்டில் மண்ணிறச் சீஸைச் சீவி வைப்பார்கள். பார்த்தால் சவர்க்காரம், வாயில் வைத்தால் ரொஃபி. "உதை மனுசர் தின்னுவினமோ?" என்று கேட்டால் தாயும் மகளும் சிரிப்பார்கள்.

எல்லாம் தாய் பழக்கியதுதான். நிரூபா புட்டு அவித்தால் கல்லு, லெஃப்சே சுட்டால் பட்டு. லெஃப்சே என்பது உருளைக்கிழங்கை மசித்துச் சுடுகிற மெல்லிய ரொட்டி. சுட்டதும் வெண்ணெய் பூசி, சீனியும் கறுவாத்தூளும் தூவி மடிப்பார்கள். அது மட்டும் எனக்கும் பிடிக்கும், ஆனால் வெளியே சொன்னதில்லை.

போன மாசியில் தெய்வநாயகி அக்கா செத்துப்போனார். நிரூபா அழவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள், கார் நிற்பாட்ட இடம் காட்டினாள், குழந்தைகளின் சப்பாத்துகளைச் சோடி சேர்த்து வைத்தாள். "பெட்டைக்கு நெஞ்சு கல்லு" என்று என் காதுபடவே இரண்டு பேர் கதைத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவளுடைய முகத்தைப் பார்க்க எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

"ஒண்டும் வருகுதில்லை மச்சாள்," என்றாள் ஒருநாள். "பல்லுப் பிடுங்க முதல் ஊசி போட்டா விறைச்சிருக்குமே, அப்பிடி இருக்கு."

செத்து எட்டாம் நாள் எட்டுச் செலவு வந்தது. இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள். கத்தரிக்காய்க் குழம்பும் மீன் பொரியலும் நான் வைக்கிறேன் என்றேன். அவள் விடவில்லை.

"அம்மாவுக்கு விருப்பமானதை நான்தான் சமைப்பன். அழத்தான் ஏலாமக் கிடக்கு. உதையாவது சரியாச் செய்யவேணும்."

டவுன்ரவுன் வரை போய் அந்த மண்ணிறச் சீஸை வாங்கிவந்தாள். மீனை அரைத்துத் தட்டி வெண்ணெயில் பொரித்தாள். லெஃப்சேக்கு மசித்த சூடான கிழங்கில் நான் மாவைக் கொட்டப் போக, என் கையைப் பிடித்தாள். "ஆறவேணும் மச்சாள். சூட்டிலை போட்டா ஒட்டும். அம்மா ஏசுவா." ரொட்டி சுட்டே வயசு போன எனக்கு இவள் பாடம் எடுக்கிறாள் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் ஒவ்வொன்றாகச் சுட்டாள். ஒன்று கிழிந்துபோனது. அதை ஒதுக்கிவிட்டு இன்னொன்று உருட்டினாள். படையலில் பிழை இருக்கக்கூடாதாம்.

பின்னேரம் பிக்கரிங்கிலிருந்து அன்புராசா அண்ணை வந்தார். தெய்வநாயகி அக்காவின் தம்பி. நோர்வேயில் அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தவர். தாயின் படத்துக்கு முன்னால் விரித்திருந்த வாழையிலையைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"என்ன பிள்ளை, உதுகளைப் படைச்சிருக்கிறாய்?"

"அம்மாவின்ரை விருப்பச் சாப்பாடு மாமா."

"அக்கா உதுகளை வாயிலையும் வைக்கமாட்டாவே. அந்தச் சீஸ் மணத்துக்கு அவவுக்கு ஓங்காளம் வரும்."

மனுசன் அதோடு நிறுத்தியிருக்கலாம். அவருக்கு நிறுத்தத் தெரியாது.

"அக்கா வேலைக்குப் போகேக்கை உன்னை இங்கர் எண்ட வெள்ளைக்காரியின்ரை வீட்டிலைதானே விடுறவ. நீ அங்கை வயிறு முட்டத் திண்டிட்டு வந்து, வீட்டிலை சோத்தைக் கண்டா வாயைப் பொத்துவாய். 'பிள்ளை என்ரை கையாலை ஒரு வாய் தின்னுதில்லை' எண்டு அக்கா அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். பிறகு அந்த இங்கரிட்டையே போய் ஒவ்வொரு சமையலாப் பழகினவ. எல்லாம் உனக்கு வாயிலை தீத்தத்தான்."

"அப்ப அம்மாவுக்கு என்ன விருப்பம்?"

"தெரியேல்லை பிள்ளை. எல்லாருக்கும் போட்டிட்டு, கடைசியிலைதானே சாப்பிடுவா. மிஞ்சினது என்னவோ, அதுதான்."

எனக்கும் தெரியவில்லை. அந்த வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன்; தெய்வநாயகி அக்கா எங்களோடு மேசையில் இருந்து சாப்பிட்டு நான் கண்டதேயில்லை.

வேறு சமைக்க நேரமில்லை. பிரசாந்த் கற்பூரம் காட்டினான். காட்டிய பிறகு எல்லோரும் அறைக்கு வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். இறந்தவர் வந்து ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று கொஞ்ச நேரம் ஒருவரும் உள்ளே போவதில்லை. கதவைச் சாத்தியபிறகுதான் நிரூபாவைக் காணவில்லை என்று கவனித்தேன். அந்த நேரத்தில் உள்ளே ஆள் இருக்கக்கூடாது. எனக்குக் கோபம் வந்தது. கதவைத் திறந்தேன்.

இலைக்கு முன்னால் சம்மணம் கட்டி இருந்தாள். தாய்க்கு வைத்த லெஃப்சேயைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பசித்த பிள்ளை சாப்பிடுவது போல, நிமிர்ந்து பார்க்காமல், வாய் நிறையச் சாப்பிட்டாள்.

"அம்மா உதைத் தொடமாட்டா மச்சாள்," என்றாள். "உது அவ எனக்கெண்டு செய்யிறது."

படையலில் கை வைப்பது பாவம். ஏசத்தான் உள்ளே போனேன். ஆனால் கிட்டப் போய், வெண்ணெயில் பொரித்த மீனையும் அவள் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

"உள்ளுக்கை ஆர்?" என்று அன்புராசா அண்ணை கேட்டார். கதவைத் திறக்கக் கையையும் நீட்டினார்.

"பொறுங்கோ அண்ணை," என்றேன். "பிள்ளை சாப்பிடுறாள்."